வரி எண் வேறு, வரி வேறு



ஒருநாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நம் மேசையின் மேல் வைத்தாள். "சார், அம்மா இதைப் படிச்சுச் சொல்லச் சொன்னாங்க" என்றாள். உறையின் மேல் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் முத்திரை இருந்தது. உள்ளே மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம். மாலையில் அந்தத் தாயாரே பள்ளிக்கு வந்தார். முகத்தில் களையே இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "சார், என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களா?"

அவர் செய்த குற்றம்தான் என்ன? கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். வெட்டு குறைந்த மாதங்களில் சம்பளம் போதவில்லை. ஆகவே இந்த அம்மாள் முறுக்கும் அதிரசமும் சுட்டு, தோட்டத்து வாசலில் ஓர் ஒட்டுக்கடை வைத்தார். பட்டணத்தில் தெரிந்த ஒருவர் வந்து, "வியாபாரத்தைப் பதிந்து, வரி எண்ணும் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி 300 வெள்ளி வாங்கினார். பதிவுச் சான்றிதழை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, "இனி உங்களுக்குக் கவலையில்லை" என்று போய்விட்டார். அவர் எழுதிக் கொடுத்ததோ இந்தக் குடும்பம் முன்பு இருந்த தோட்டத்து லயத்தின் முகவரி. அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, லயங்களும் காலியாகிவிட்டன. வாரியம் அனுப்பிய கடிதங்கள் ஆளில்லாத வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. எப்படியோ ஓர் உறவினர் மூலம் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளாக இவரிடமிருந்து வருமானப் பாரம் வரவில்லை என்று அது சொன்னது.

நாம் அவரோடு வரி வாரியத்தின் கிளை அலுவலகத்துக்குப் போனோம். வரவு செலவை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். இரண்டு ஆண்டுக்கும் அவர் கட்டவேண்டிய வரி எவ்வளவு தெரியுமா? ஒரு காசும் இல்லை.

ஆனால் அவருக்கு இழப்பு இல்லாமல் இல்லை. தரகருக்குக் கொடுத்த 300 வெள்ளி ஒரு பக்கம் இருக்கட்டும். அதே சமயத்தில் முறுக்குப் பிழியும் இயந்திரம் வாங்க ஓரிடத்தில் கடன் கேட்டிருந்தார். "இரண்டு ஆண்டு வருமானப் பாரத்தின் நகலைக் கொண்டுவாருங்கள்" என்று அங்கே கேட்டார்கள். இவரிடம் இல்லை. தீபாவளி வந்து போயிற்று. அந்த ஆண்டும் கையாலேயே பிழிந்தார். கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இல்லையென்று சொல்லி அனுப்பினார்.

வரி ஒரு காசும் இல்லாத ஒருவருக்கு ஏன் இவ்வளவு தொல்லை? வரி எண்ணைப் பற்றி அவருக்கு யாரும் ஒழுங்காக எடுத்துச் சொல்லவில்லை. இன்று அதைத்தான் நாம் பேசப்போகிறோம்.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வோம். வரி எண் வேறு, வரி வேறு. வரி எண் என்பது நம் பெயருக்கு வாரியம் வைத்திருக்கும் கணக்கின் எண். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவு எண் இருக்கிறதே, அதுபோல. பதிவு எண் இருப்பதால் பிள்ளை தேறிவிட்டான் என்றும் பொருளில்லை, தவறிவிட்டான் என்றும் பொருளில்லை. வரி எண்ணும் அப்படியே. எண் வாங்கிய அன்றே யாரும் வரி கேட்பதில்லை. ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான் வரி உண்டா இல்லையா என்பது தெரியும்.

நம் பெரியவர்கள் இன்றும் "வருமான வரி இலாகா" என்றுதான் சொல்கிறார்கள். முன்பு அது இலாகாதான். 1996-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து அது வாரியமாக நடந்து வருகிறது. 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமே இன்றும் அடிப்படை. ஆனால் முறையில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. முன்பு நாம் விவரம் கொடுத்தால் அதிகாரிகள் கணக்குப் போட்டு, இவ்வளவு கட்டு என்று சீட்டு அனுப்புவார்கள். 2004-ஆம் ஆண்டு முதல் தனிமனிதர்களுக்குச் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. நம் வருமானத்தை நாமே எழுதி, நாமே வரியைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். ஆகவே, "அவர்கள் கேட்கவில்லை, நாம் அனுப்பவில்லை" என்று இப்போது சொல்ல முடியாது.

சரி, சொந்தத் தொழில் செய்பவர் யார்? கடை வைத்தவர் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டில் தையல் தைத்துக் கொடுப்பவர், பள்ளி வேன் ஓட்டுபவர், குத்தகைக்குப் புல் வெட்டுபவர், கோயில் விழாவுக்குப் பந்தல் போடுபவர், வாரத்தில் இரண்டு நாள் பசாரில் காய்கறி விற்பவர், இவர்கள் எல்லாரும் சொந்தத் தொழில் செய்பவர்களே. காலையில் பெரட்டுக்குப் போய்த் தோட்டத்தில் சம்பளத்துக்கு வேலை செய்து, மாலையில் சொந்தமாக ஒரு வியாபாரம் பார்ப்பவருக்கு இரண்டு வகை வருமானம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பாரத்தில் காட்ட வேண்டும்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. நம் கையில் வரக்கூடிய எண்கள் இரண்டு. ஒன்று வியாபாரப் பதிவு எண். அதைக் கொடுப்பது எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்லும் நிறுவன ஆணையம். தீபகற்ப மலேசியாவில் ஒரு வியாபாரத்தைத் தொடங்கினால் 30 நாட்களுக்குள் அங்கே பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு கடைப்பெயர் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 60 வெள்ளி. இரண்டாவது எண்தான் வருமான வரி எண். அதைக் கொடுப்பது வரி வாரியம். ஒன்றை எடுத்தால் மற்றது தானாக முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இடம் வேறு, வேலை வேறு.

வரி எண்ணுக்கு எவ்வளவு கட்டணம்? ஒரு காசும் கிடையாது. இதைக் கேட்கும் பிள்ளைகளும் நினைவில் வைத்திருந்து வீட்டில் சொல்லுங்கள். வரி எண் இலவசம்.

இனி, அதை எடுக்கும் வழியைப் பார்ப்போம்.

முதற்காரியம், உங்கள் பெயரில் ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று பார்ப்பது. முன்பு எப்போதாவது தொழிற்சாலையிலோ பட்டணத்து நிறுவனத்திலோ வேலை செய்து, சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் அப்போதே எண் கொடுத்திருப்பார்கள். ஒருவருக்கு ஓர் எண்தான். பழைய நாளில் சம்பளக்காரர் எண்ணுக்கு முன்னால் எஸ்.ஜி. என்றும், தொழில் செய்பவர் எண்ணுக்கு முன்னால் ஓ.ஜி. என்றும் இருந்தது. 2023-ஆம் ஆண்டு முதல் தனிமனிதர் எல்லாருக்கும் ஐ.ஜி. என்ற ஒரே முன்னெழுத்துதான். ஆகவே பழைய சீட்டில் வேறு எழுத்து இருந்தால் பயப்பட வேண்டாம். எழுத்துத்தான் மாறியிருக்கிறது.

இரண்டாவது, எண் இல்லையென்றால் விண்ணப்பம் செய்வது. இதற்கு இரண்டு வழி உண்டு. வாரியத்தின் மைடெக்ஸ் என்ற அகப்பக்கத்தில் இ-டஃப்தார் என்ற பகுதி இருக்கிறது. கைத்தொலைபேசியில் இணையம் இருந்தால் போதும். மற்றது, அருகிலுள்ள வாரியக் கிளைக்கு நேரில் போவது. எந்த வழியானாலும் அடையாள அட்டையும், வியாபாரப் பதிவுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். நகலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முகவரி. இதுதான் நம் மக்கள் சறுக்கும் இடம். லயத்து வீடு நம்முடையதல்ல. வேலை மாறினால் வீடு மாறும். தோட்டம் கைமாறினால் ஊரே மாறும். லயத்து முகவரியைக் கொடுத்தால் கடிதம் தோட்ட அலுவலகத்தில் மற்றக் கடிதங்களோடு கிடந்துவிடவும் கூடும். ஆகவே, நிச்சயமாகக் கடிதம் கைக்கு வரும் ஒரு முகவரியைக் கொடுங்கள். சொந்த வீடு கட்டியிருக்கும் மகன் முகவரியானாலும் சரி, தம்பி முகவரியானாலும் சரி. பிறகு வீடு மாறினால் மூன்று மாதத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணையே கொடுங்கள், தரகருடைய எண்ணைக் கொடுக்காதீர்கள்.

நான்காவது, எண் கிடைத்ததும் இணையத்தில் முதல் முறை நுழைவதற்குப் பின் எனப்படும் ஓர் இரகசிய எண் தேவைப்படும். அதைக் கொண்டு உங்களுக்கென ஒரு மறைச்சொல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மறைச்சொல் வங்கி அட்டையின் இரகசிய எண்ணைப் போன்றது. படிக்கத் தெரிந்த மகளிடம் சொல்லலாம். சந்தையில் சந்தித்த ஆளிடம் சொல்லக் கூடாது.

எண் வந்துவிட்டது. வேலை முடிந்ததா? இல்லை, இனித்தான் முக்கியமான கடமை தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வருமானப் பாரம் அனுப்ப வேண்டும். சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு பி.இ. பாரம், ஏப்ரல் 30-க்குள் அனுப்ப வேண்டும். வியாபாரம் உள்ளவருக்கு பி பாரம், ஜூன் 30-க்குள். இணையவழி அனுப்புவோருக்கு அண்மை ஆண்டுகளில் 15 நாள் சலுகை கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனாலும் சலுகையை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். இலாபம் இல்லாத ஆண்டிலும், வரியே வராத ஆண்டிலும், வியாபாரம் பதிவில் இருக்கும் வரை பாரத்தை அனுப்பியே ஆக வேண்டும். காரணமின்றி அனுப்பாமல் இருந்து வழக்கு என்று போனால், 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வியாபாரத்தை விட்டுவிட்டால் அதையும் எஸ்.எஸ்.எம்.முக்கும் வாரியத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.

"அதெல்லாம் சரி சார், கடைசியில் எவ்வளவு கட்டச் சொல்வார்கள்?" என்று நீங்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. வாருங்கள், 2025-ஆம் ஆண்டு வருமானத்துக்கான விதிப்படி கரும்பலகையில் கணக்குப் போடுவதுபோல் போட்டுப் பார்ப்போம்.

முறுக்குக் கடை நடத்தும் ஓர் அம்மாள் ஆண்டு முழுதும் 30,000 வெள்ளிக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், சர்க்கரை 12,000 வெள்ளி. கேஸ், நெகிழிப் பை 2,400 வெள்ளி. இட வாடகை 1,200 வெள்ளி. செலவு மொத்தம் 15,600 வெள்ளி. மீதி 14,400 வெள்ளி. இதுதான் வருமானம், விற்ற 30,000 அல்ல. இதிலிருந்து ஒவ்வொருவருக்கும் சொந்தக் கழிவாக 9,000 வெள்ளி கழிக்கலாம். மீதி 5,400 வெள்ளி. முதல் 5,000 வெள்ளிக்கு வரியில்லை. மிச்சம் 400 வெள்ளிக்கு நூற்றுக்கு 1 வெள்ளி வீதம் வரி 4 வெள்ளி. அந்த நான்கு வெள்ளியும் நிற்காது. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு வரியில் 400 வெள்ளி வரை தள்ளுபடி உண்டு. ஆகவே கட்டவேண்டியது ஒன்றுமில்லை.

இன்னொரு கணக்கு. பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் எண்ணெய், பழுது, காப்புறுதி எல்லாம் போக ஆண்டுக்கு 54,000 வெள்ளி சம்பாதிக்கிறார். சொந்தக் கழிவு 9,000, வருமானமில்லாத மனைவிக்கு 4,000, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 வீதம் 4,000. ஆக 17,000 போனால் 37,000 வெள்ளி மிச்சம். முதல் 5,000-க்கு இல்லை. அடுத்த 15,000-க்கு நூற்றுக்கு 1 வீதம் 150 வெள்ளி. அதற்கடுத்த 15,000-க்கு நூற்றுக்கு 3 வீதம் 450 வெள்ளி. மேலே உள்ள 2,000-க்கு நூற்றுக்கு 6 வீதம் 120 வெள்ளி. மொத்தம் 720 வெள்ளி. மாதத்துக்கு 60 வெள்ளி என்று கொள்ளலாம். இப்படி வரி கட்டவேண்டியவருக்கு, இரு மாதத்துக்கு ஒருமுறை தவணையாகக் கட்டும்படி வாரியம் கடிதம் அனுப்புவதுண்டு.

இதே மனிதர் அந்த ஆண்டில் ஊழியர் சேமநிதியில் தாமாக 2,000 வெள்ளி போட்டிருந்தால் என்ன ஆகும்? அந்தத் தொகையும் கழிவாகும். வரிக்குரிய வருமானம் 35,000-க்கு இறங்கும். வரி 600 வெள்ளி. அவருக்கு 400, மனைவிக்காக 400 என்று தள்ளுபடி கிடைப்பதால் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. 2,000 வெள்ளியும் அவருடைய முதுமைக்கே இருக்கும். கணக்குத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே 720 வெள்ளி வித்தியாசம், பாருங்கள்.

ஆனால் இந்தக் கழிவுகள் எல்லாம் எழுதி வைத்தவருக்குத்தான். செலவுக்குச் சீட்டு இல்லையென்றால் அந்தச் செலவை எப்படிக் காட்டுவது? நம் வீடுகளில் 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகம் இல்லாத வீடு உண்டா? கடைக்காரரிடம் கடன் வைப்பதற்கு அதை வைத்திருக்கிறோம். இனி வருமானம் எழுதுவதற்கும் ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கம் விற்றது, எதிர்ப்பக்கம் வாங்கியது. அன்றன்று இரவே எழுதிவிடுங்கள். சீட்டுகளை மாதத்துக்கு ஓர் உறையில் போடுங்கள். ஏழு ஆண்டுகள் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கடைக்கு வாங்கிய எண்ணெய் செலவு. வீட்டுச் சாம்பாருக்கு ஊற்றிய எண்ணெய் செலவாகாது. பிள்ளையின் சீருடை வியாபாரச் செலவாகாது. கல்லாவிலிருந்து உங்கள் கைச்செலவுக்கு எடுத்த பணமும் செலவில் சேராது. கடைப் பணம், வீட்டுப் பணம் என்று இரண்டு டப்பாவில் பிரித்து வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னும் இரண்டு பயங்கள் நம்மிடையே உலவுகின்றன. வரி எண் எடுத்தால் அரசாங்கத்தின் உதவித்தொகை நின்றுவிடும் என்பது ஒன்று. ரஹ்மா ரொக்க உதவி குடும்ப வருமானத்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. எண் வைத்திருப்பதனால் மட்டும் அது நிற்பதில்லை. மற்றது, தொலைபேசியில் வரும் பயம். "வரி வாரியத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வரி பாக்கி, உடனே இந்தக் கணக்கில் பணம் போடுங்கள், இல்லையேல் கைது" என்று சிலர் மிரட்டுகிறார்கள். ஒரு தனி மனிதரின் வங்கிக் கணக்கில் வரியைப் போடச் சொல்வது வாரியத்தின் வழக்கமல்ல. பேச்சை வளர்க்காமல் தொலைபேசியை வைத்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் நேரே கிளைக்குப் போய்க் கேளுங்கள். உண்மையான கணக்கு உள்ளவருக்கு அங்கே போகப் பயமென்ன?

நேயர்களே, காகிதத்தைக் கண்டு ஒதுங்குவதால் நம் சமூகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடியுரிமைக்கு மனுச் செய்யுங்கள் என்று சொன்ன காலத்தில், "நமக்கெதற்கு, தோட்டத்தில் வேலை இருக்கிறதே" என்று இருந்தவர்கள் பலர். எழுதப் படிக்கத் தெரியாமல், சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் இருந்தவர்கள் அதனினும் பலர். 1968-ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. பால்மரம் வெட்டிய ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து கப்பலேறினார்கள். உழைப்பில் குறையில்லை, கையில் காகிதம் இல்லை. இந்த வரி எண் அத்தனை பெரிய காரியமல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் பாடம் ஒன்றுதான். நம் உழைப்பு எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்க முடியாது. கொடுக்கிறவருக்கு நம் கைக் காய்ப்பு தெரியாது, பாரம்தான் தெரியும்.

அந்த முறுக்கு அம்மாளைப் பற்றிச் சொல்லி முடிப்போம். கிளை அலுவலகத்தில் முகவரியை மாற்றினார். விட்டுப்போன பாரங்களைக் கொடுத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் சொல்லச் சொல்ல, மகள் புத்தகத்தில் எழுதிக் கூட்டுகிறாள். பள்ளியில் கணக்குப் பாடத்தில் அவள் மதிப்பெண் ஏறியிருக்கிறது என்பது நமக்குக் கிடைத்த உபரி இலாபம். இந்த ஜூன் மாதம் பாரத்தை நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். வந்த ஒப்புகைச் சீட்டை, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்திருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். இயந்திரத்துக்கு மறுபடியும் மனுப் போட்டிருக்கிறார். "இந்தத் தடவை அவங்க கேட்கிறதெல்லாம் கையில இருக்கு சார்" என்றார்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பெயரில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த முகவரி கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு புத்தகம் வாங்கி அன்றைய விற்பனையை முதல் வரியாக எழுதுங்கள். புரியாத கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் தோட்டத்துப் பள்ளியின் கதவைத் தட்டுங்கள். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்.